மருமகள் மேல் திருட்டுப் புகார்! சங்கிலி கிடந்ததோ அரிசி டிரம்மில்!

அம்பத்தூர் பக்கத்தில் ஒரு போலீஸ் நிலையம். காலை 10 மணி.

மூதாட்டி ஒருவர் விறுவிறு என்று உள்ளே வந்தார். வயது 75 இருக்கும். நெற்றியில் விபூதி. காலில் செருப்பு இல்லை.

"ஐயா! என் மருமவ என் சங்கிலியைத் திருடிட்டா. மூணு பவுனுங்க. எங்க வூட்டுக்காரரு போட்டது. அவளைப் புடிச்சு உள்ளே போடுங்க" என்று அழுதார்.

அன்றைய செய்தி எடுக்க வந்த நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடனே பேனாவைத் திறந்தேன். "மாமியார் நகையை அபேஸ் செய்த மருமகள்" என்று தலைப்பு கூட மனதில் ஓடிவிட்டது.

ஆனால் நடந்தது வேறு. அதன் விவரம் வருமாறு:-

அங்கே இருந்த ஏட்டு அனுபவசாலி. புகாரை எழுதவில்லை. "வாங்க பெரியம்மா, வூட்டைப் பார்த்துட்டு வரலாம்" என்று கிழவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு அறை கொண்ட சிறிய வீடு. வாசலில் மருமகள் நின்றார். வயது 45. தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. போலீசைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. சண்டை போடவும் இல்லை.

"இந்த மாசத்துலே இது நாலாவது தடவை சார்" என்றார்.

நேராகச் சமையல் கட்டுக்குப் போனார். அரிசி டிரம்மைத் திறந்தார். முழங்கை வரை கையை விட்டார். கைக்குட்டையில் முடிந்த சங்கிலி வெளியே வந்தது!

"போன வாரம் தலையணை உறைக்குள்ளே இருந்துது. அதுக்கு முன்னே பூசை மாடத்துலே, திரி வைக்கிற டப்பாவுலே."

கூடியிருந்த தெருக்காரர்கள் "அப்பாடா" என்று மூச்சு விட்டார்கள். ஆனால் கிழவி விடவில்லை.

"பாத்தீங்களா ஐயா! எங்கே ஒளிச்சு வெச்சிருக்கான்னு அவளுக்குத்தானே தெரியுது!" என்று ஒரு போடு போட்டார்.

கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. அதை நான் பார்த்தேன். மருமகளும் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

பொருளைக் கண்டுபிடித்தால் திருடி. கண்டுபிடிக்காவிட்டாலும் திருடி!

ஐந்து வரிச் செய்தி

என் செய்தி அங்கேயே செத்துப்போனது. அது பரவாயில்லை. எனக்கு உறைத்தது வேறு விஷயம்.

ஒரு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி வேறு ஒரு புகார் வந்தது. அதை நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஐந்து வரிதான். பெயர் போடவில்லை. ஆனால் ஊரும் தெருவும் இருந்தன. தெருவில் யாருக்குத் தெரியாது? நகை பிறகு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அந்தக் கிழவிக்கும் இதே நோய். நகை கிடைத்தது செய்தியாக வரவில்லை. நான் எழுதவில்லை.

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் எந்த வீட்டின் பெயரும் தெருவும் வராது.

மறதிக்கு முன்னே சந்தேகம்

டாக்டர்கள் இதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொல்கிறார்கள். நாம் மறதி நோய் என்கிறோம். அந்தப் பெயரால்தான் குழப்பமே வருகிறது. "எங்க அம்மாவுக்கு மறதி எல்லாம் இல்லீங்க. சின்ன வயசுக் கதையெல்லாம் பிசகாமல் சொல்லுவாங்க. குணம்தான் மாறிப்போச்சு" என்பார்கள். அந்தக் குணம் மாறுவதும் நோய்தான்.

1901-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் அகஸ்டே. வயது 51தான். அவருக்கு முதலில் வந்தது மறதி இல்லை. புருஷன் மேல் சந்தேகம்! அதற்குப் பிறகுதான் ஞாபகம் போனது. வீட்டில் சாமான்களை இங்கும் அங்கும் தூக்கிப்போய் ஒளித்தார். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கூச்சல் போட்டார். 1906-ல் அவர் இறந்ததும் மூளையைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். அந்த டாக்டரின் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. மறதி நோய்களில் அதிகம் பேருக்கு வருவது இந்த அல்சைமர்தான்.

அகஸ்டே செய்ததைத்தான் அம்பத்தூர் கிழவியும் செய்கிறார். நடுவில் நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஏன் இப்படி? கிழவி சங்கிலியை எடுத்து ஒளித்தது உண்மை. ஒளித்தது ஞாபகத்தில் பதியவில்லை. பீரோவைத் திறக்கிறார். சங்கிலி இல்லை. "நான் எடுக்கலை. அப்போ வேற யாரோ எடுத்திருக்காங்க" என்று மூளை கணக்குப் போடுகிறது. அந்த வேற யாரோ யார்? நாள் முழுக்கக் கூடவே இருக்கிற ஆள். சோறு போடுகிற ஆள். பழி அங்கேதான் விழுகிறது. மாதம் ஒரு முறை ஆப்பிளோடு வந்து போகிற மகள் மேல் விழுவதில்லை!

சங்கு ஊதாத பாக்டரி

இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இது பெரிய விஷயம். காரணம் உண்டு.

ஆவடியில் டேங்க் பாக்டரி 1961-ல் வந்தது. 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அதே காலத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, லேத்துப் பட்டறைகள் என்று எங்கெங்கிருந்தோ வாலிபர்கள் வந்து குடியேறினார்கள். 1965-ல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று 80 வயது. அவர்கள் எல்லாம் இங்கேயேதான் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது 7.4 சதவீதம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது. மொத்தம் 88 லட்சம் பேர். உங்கள் தெருவில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவடி செக்போஸ்ட் பக்கம் நடந்த ஒரு சம்பவம் இது. இரவு 2-30 மணி. ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர் நடுரோட்டில் ஒரு பெரியவரைப் பார்த்தார். காக்கி கால்சட்டை. கையில் டிபன் கேரியர். உள்ளே சோறு இல்லை. மடித்த துண்டு இருந்தது.

"எங்கே பெரியவரே போறீங்க?"

"முதல் ஷிப்டு. லேட்டாயிடுச்சு. சங்கு ஊதிட்டாங்க."

பெரியவர் ரிட்டையராகி 20 வருடம் ஆகிறது. எந்தச் சங்கும் ஊதவில்லை!

"உங்களுக்கு ஏது வேலை, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் அவர் அடிக்க வருவார். மகன் அப்படித்தான் பல நாள் சொல்லி, பல நாள் அடி வாங்கியிருக்கிறார். அந்தப் போலீஸ்காரர் சொன்னது வேறு.

"இன்னைக்கு பாக்டரி லீவு விட்டுட்டாங்க சார். தெரியாதா உங்களுக்கு? வாங்க, டீ சாப்பிட்டுப் போகலாம்."

பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். டீ குடித்தார். ஜீப்பில் ஏறினார். சட்டைக் காலரின் உள்பக்கம் மகனின் போன் நம்பர் தைத்திருந்தது. பத்தே நிமிடத்தில் மகன் வந்துவிட்டார்.

அது பொய்தானே என்று கேட்கலாம். பொய்தான். டாக்டர்களிலேயே சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பினால் போதும், பொய் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்கு நியாயம் பேசத் தெரியாது. நடுரோட்டில், லாரி போகிற இடத்தில், இரவு 2-30 மணிக்கு அந்தப் பொய் ஒரு உயிரைக் காப்பாற்றியது.

பிறகு அந்த வீட்டில் ஒரு யோசனை செய்தார்கள். பெரியவருக்குத் தேவை வேலை. சரி, வேலை கொடு! பழைய நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் கலந்து வைத்தார்கள். தினமும் காலை 9 மணிக்கு அவர் முன்னால் கொட்டுவார்கள். அவர் சைஸ் வாரியாகப் பிரித்து ஆறு டப்பாவில் போடுவார். ஒரு தப்பு இருக்காது. ராத்திரி மறுபடியும் கலந்து வைப்பார்கள். காலையில் அவருக்கு அது புது வேலை.

ராத்திரி கிளம்புவது அடியோடு நிற்கவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் என்று இருந்தது மாதத்துக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. கதவின் தாழ்ப்பாளை மேலே, தலைக்கு மேல் உயரத்தில் வைத்தார்கள். கதவு மேல் சுவர் கலரிலேயே திரை தொங்கவிட்டார்கள். கண்ணுக்குக் கதவே தெரியாவிட்டால் கிளம்ப வேண்டும் என்ற எண்ணமும் குறைகிறதாம்.

கட்டாதீர்கள்

சில வீடுகளில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். வெளியில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். ஆனால் ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். கட்டினால் ஆத்திரமும் கூடும். அவிழ்க்கப் பார்த்துக் கீழே விழுந்து இடுப்பு முறியும்.

சாயங்காலம் 5 மணி

இந்த நோய் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். "காலையிலே நல்லாத்தான் இருப்பாரு. சாயந்தரம் ஆனாத்தான் பேய் புடிச்ச மாதிரி" என்பார்கள். எங்கள் பத்திரிகை கடைக்கு வருகிற நேரமும் அவருக்குப் படபடப்பு தொடங்குகிற நேரமும் ஒன்று!

இதற்குப் பேய் காரணம் இல்லை. நாள் முழுக்க விழித்திருந்த களைப்பு. இருட்டும் வெளிச்சமும் கலந்த நேரத்தில் மூலையில் கிடக்கிற துணி மூட்டை ஆள் மாதிரி தெரியும். ராத்திரி எது, பகல் எது என்று உடம்புக்குள் இருக்கிற கடிகாரமும் கெட்டுப்போயிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் குக்கர் விசில், டியூஷன் பிள்ளைகள், டி.வி. சீரியல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். சீரியலில் வில்லி கத்தினால் நம் வீட்டில்தான் சண்டை என்று நினைத்துப் பெரியவர் எழுந்து ஓடுவார்.

செய்ய வேண்டியது சின்னச் சின்ன விஷயம். இருட்டும் முன்பே, 5 மணிக்கே டியூப் லைட்டைப் போட்டுவிட வேண்டும். மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கவிடக் கூடாது. 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காலை வெயிலில் கொஞ்சம் நடக்கவிட வேண்டும். சாயங்காலம் கைக்கு ஏதாவது வேலை. பூத்தொடுப்பது, அவரை உரிப்பது, துணி மடிப்பது. மடித்தது கோணலாக இருந்தால் என்ன? அவர் தூங்கிய பிறகு மறுபடி மடித்துக்கொள்ளலாம்.

பூந்தமல்லியில் நள்ளிரவு

எல்லாவற்றையும் "கிழத்தனம்" என்று விட்டுவிடவும் கூடாது. அதற்கு ஒரு சம்பவம்.

பூந்தமல்லியில் ஒரு வீடு. பெரியவருக்கு மூன்று வருடமாக மறதி நோய். ஆனால் சாது. ஒருநாள் ராத்திரி திடீரென்று மனைவியைப் பார்த்து "யாருடி நீ? என் பொண்டாட்டி எங்கே? வெளியே போ" என்று கத்தினார். கையில் கிடைத்த சொம்பை எறிந்தார். கல்யாணமாகி 50 வருடம் ஆன அந்த அம்மாள் வாசல் படியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மறுநாள் இன்னும் மோசம். சுவரில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்றார். பிறகு பகலிலேயே கண்ணைச் சொருகித் தூங்கி விழுந்தார்.

மந்திரிக்கலாம் என்றார் ஒருவர். மனநல ஆஸ்பத்திரி என்றார் இன்னொருவர். நல்லவேளையாக ஒரு நர்ஸ் பக்கத்து வீட்டில் இருந்தார். "திடீர்னு ஆச்சுன்னா உடம்புலே ஏதோ இருக்கு" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். சோதித்ததில் யூரின் இன்பெக்ஷன்! ஊசி மருந்து போட்டார்கள். ஒரு வாரத்தில் பெரியவர் பழைய சாது ஆகிவிட்டார். மனைவியைப் பார்த்து "ஏன் இளைச்சுட்டே?" என்று கேட்டாராம்.

மறதி நோய் மெல்ல மெல்ல, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கூடும். ஒன்றிரண்டு நாளில் ஆள் தலைகீழாக மாறினால் அது வேறு. காய்ச்சல், சிறுநீர்க் கோளாறு, நெஞ்சுச் சளி, தண்ணீர் குடிக்காதது, புதிதாகக் கொடுத்த மாத்திரை, தலையில் அடிபட்டது என்று ஏதாவது இருக்கும். தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸ் அது.

வலியும் இப்படித்தான். பல் வலி, மூட்டு வலி, நான்கு நாளாக வயிறு போகாதது. சொல்லத் தெரியாது. அடிக்கத் தெரியும். நார்வே நாட்டில் 18 முதியோர் இல்லங்களில் இருந்த 352 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் மறதி நோயாளிகள், கத்துகிறவர்கள், அடிக்கிறவர்கள். பாதிப் பேருக்கு வலிக்கு முறைப்படி மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பாராசிட்டமால்தான். 8 வாரத்தில் அவர்களின் ஆர்ப்பாட்டம் 17 சதவீதம் குறைந்தது. 2011-ல் இந்த முடிவு வெளிவந்தது.

குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார் என்பது பல வீடுகளில் உள்ள புகார். திடீரென்று தலையில் தண்ணீர் விழுந்தால் யாருக்கும் பயம்தான். துணியை உருவினால் மானம் போகிறது என்ற நினைப்பும் வரும். வெந்நீரை முதலில் காலில் ஊற்றி, மெல்ல மேலே வந்தால் பாதிச் சண்டை இல்லை. இடுப்புத் துண்டோடு குளிப்பாட்டலாம். அன்றைக்கு ஒரேயடியாக முடியாது என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போங்கள். ஒருநாள் குளிக்காவிட்டால் குடி முழுகிவிடாது!

தூக்க மாத்திரை ஜாக்கிரதை

"டாக்டரே, ராத்திரி தூங்க ஒரு மாத்திரை குடுங்க, போதும்." இதுதான் எல்லா வீட்டிலும் கேட்பது. அவர்கள் தூங்கி எத்தனை நாளோ, அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் மூளைக்கோளாறுக்குத் தருகிற பலமான மாத்திரைகளில் ஆபத்து உண்டு. அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2005-ல் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மறதி நோயாளிகளில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் 100-க்கு 4 அல்லது 5 பேர் சில வாரங்களில் இறந்திருந்தார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 அல்லது 3 பேர்தான். மருந்தின் விவரக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டார்கள். 2008-ல் பழைய ரக மாத்திரைகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது.

லெவி பாடி என்று ஒரு வகை மறதி நோய் இருக்கிறது. இல்லாத குழந்தைகளும் நாய்களும் கண் முன்னால் தெரியும். நடை தள்ளாடும். அவர்களுக்கு இந்த மாத்திரை விஷம் மாதிரி. உடம்பு கட்டைபோல விறைத்துவிடும்.

அதனால் கொடுக்கவே கூடாது என்று இல்லை. தன்னையோ பிறரையோ வெட்டிவிடுவார், குத்திவிடுவார் என்ற நிலை வந்தால் டாக்டர் குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்குக் கொடுப்பார். பிறகு நிறுத்தியும் பார்ப்பார். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வருடக் கணக்கில் வாங்கிக் கொடுப்பதுதான் தவறு. தூக்க மாத்திரையும் அப்படித்தான். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான்.

பீரோவில் இருந்த திருடி!

மறுபடியும் அம்பத்தூர் வீட்டுக்கு வருவோம்.

அந்த மருமகளை அவர் கணவர் டாக்டரிடம் அழைத்துப் போனார். மாமியாரையும்தான். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார்கள். சங்கிலி காணோம் என்று கத்துகிற ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். மணி என்ன? அவர் எங்கே இருந்தார்? அதற்கு முன்னே என்ன நடந்தது? பிறகு என்ன செய்தீர்கள்?

பார்த்தால் இது துப்பறியும் வேலை! எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

பத்து நாள் எழுதினார்கள். ஒரு விஷயம் துலங்கியது. எல்லாமே ராத்திரி எழுந்து பாத்ரூம் போய் வந்த பிறகுதான். பகலில் ஒருமுறை கூட இல்லை. பாத்ரூமிலிருந்து திரும்பினால் எதிரே இரும்பு பீரோ. பீரோ கதவில் ஆள் உயரக் கண்ணாடி. ஜன்னல் வழியே தெருவிளக்கு வெளிச்சம்.

கண்ணாடியில் நின்றது யார்? கிழவிதான். ஆனால் கிழவிக்குத் தன் முகம் அடையாளம் தெரியவில்லை. நரைத்த தலையோடு எவளோ ஒருத்தி பீரோ பக்கத்தில் நிற்கிறாள்! திருடி! உடனே சங்கிலியைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறார். காலையில் எழுந்தால் ஒளித்தது மறந்துபோகும். கழுத்து வெறுமையாக இருக்கும்.

மருமகள் ஒரு பழைய சேலையை எடுத்துக் கண்ணாடியை மூடினார். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியவிட்டார். அசல் சங்கிலி பாங்க் லாக்கருக்குப் போனது. அதே மாதிரி கவரிங் சங்கிலி இரண்டு வாங்கினார். ஒன்று கழுத்தில், ஒன்று கைவசம்.

பேச்சும் மாறியது. முன்பு, "நான் எடுக்கலை அத்தே, சத்தியமா எடுக்கலை" என்பார். சண்டை வளரும். இப்போது, "ஐயையோ, காணோமா அத்தே? வாங்க, ரெண்டு பேரும் தேடலாம்" என்கிறார். தேடுவார்கள். நடுவில் காபி குடிப்பார்கள். பாதி நாள் எதைத் தேடுகிறோம் என்பது கிழவிக்கே மறந்துவிடும்.

மருமகளைப் பார்ப்பது யார்?

கோவாவில் 2008-ல் ஒரு ஆய்வு வெளியானது. மறதி நோயாளி இருக்கிற 81 குடும்பங்கள். டாக்டர் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் 15 நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போனார்கள். நோயைப் பற்றிச் சொன்னார்கள். சண்டையைச் சமாளிக்க யோசனை சொன்னார்கள். பார்த்துக்கொள்பவரின் புலம்பலைக் கேட்டார்கள். 6 மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சுமை நன்றாகக் குறைந்திருந்தது. பெரிய மிஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கத்தில் அண்ணாநகர் மேற்கு விரிவில் ஸ்கார்ப் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது. அதில் மறதி நோய்க்கென்று டெம்கேர்ஸ் என்ற தனிப் பிரிவு உண்டு. குடும்பத்தாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அம்பத்தூரிலிருந்து பஸ்சில் போகிற தூரம்தான். கிண்டியில் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே மத்திய அரசின் திட்டத்தில் கட்டிய தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. முதியோர் உதவிக்கு 14567 என்றும், மனக்கஷ்டத்துக்கு 14416 என்றும் போன் நம்பர்கள் உள்ளன. இரண்டும் இலவசம்.

பெரியவர் காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. உடனே 100 அல்லது 112. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் 2022 முதல் ஆவடி கமிஷனர் ஆபீசின் கீழ் வந்துவிட்டன. போலீஸ் வரும் வரை சும்மா நிற்காதீர்கள். பழைய வீடு, பழைய பாக்டரி வாசல், தினமும் போன கோயில், ஸ்டேஷன் பிளாட்பாரம், ஏரிக்கரை என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுங்கள். கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று நம் பக்கம் முழுக்கத் தண்ணீர். முதலில் அங்கே பாருங்கள். டீக்கடைக்காரருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பெரியவரின் போட்டோவை முன்கூட்டியே காட்டி வைப்பது நல்லது. வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று. பெற்றோரை வேண்டுமென்றே எங்காவது விட்டுவிட்டு ஓடினால் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் கூடப் போடலாம். ஆனால் ராத்திரி தூக்கம் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் பார்த்துக்கொள்கிற மருமகளுக்கு என்ன என்று அந்தச் சட்டத்தில் தேடினேன். கண்ணில் படவில்லை.

அந்த அம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். வேறு வழி இல்லை. கணவர் சம்பளம் ஒன்றில்தான் குடும்பம் ஓடுகிறது. வெளியூரில் இருக்கும் நாத்தனார் இன்னும் போனில் பேசுவதில்லை. "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசல் படியில் கிழவி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"தம்பி, நீ போலீசா?"

"ஆமாம் பெரியம்மா" என்றேன். பேனா வைத்திருக்கிற யாரும் அவருக்குப் போலீஸ்தான்.

"சங்கிலி கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு பெரியம்மா. கழுத்துலே இருக்கே."

தொட்டுப் பார்த்தார். சிரித்தார். உள்ளே திரும்பி, "ஏம்மா, போலீஸ்காரருக்குக் காபி போடு" என்றார். மருமகள் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

காபி வருவதற்குள் கிழவி மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சங்கிலி கிடைச்சுதா?"